கூரைக்கு ஒரு தோல்: கண்டமங்கலத்து ஹெரால்டும் அதோட வினைல் டாப்பும்

இன்னைக்கு எபிசோட் ஒரு காரோட கூரையைப் பத்தினது. முழு காரைப் பத்திக்கூட இல்ல, கூரையை மட்டும்தான் பேசப் போறோம். அதுவும் இரும்புக் கூரை மேல ஒட்டுற ஒரு கருப்பு ரெக்சினைப் பத்தி. இதுல என்ன வரலாறு இருக்குன்னு நீங்க கேக்கலாம். நானும் அதைப் பிய்ச்சுப் பாக்குற வரைக்கும் அப்படித்தான் நினைச்சேன்.

எங்க ஊர் கண்டமங்கலம். விழுப்புரத்துல இருந்து பாண்டிக்கு பஸ்ல போயிருந்தீங்கன்னா ஒண்ணு கவனிச்சிருப்பீங்க. வளவனூர் தாண்டினதும் மதகடிப்பட்டு வரும், அது புதுச்சேரி. திருபுவனை, திருவண்டார்கோயில், அதுவும் புதுச்சேரி. அப்புறம் கண்டமங்கலம், மறுபடியும் தமிழ்நாடு. அடுத்து அரியூர், திரும்பப் புதுச்சேரி. 1954 நவம்பர் 1 வரைக்கும் இந்த எல்லைக்கு அந்தப் பக்கம் பிரெஞ்சு ஆட்சி. எங்க பெரியப்பா சின்னப் பையனா இருந்தப்போ பக்கத்து ஊருக்குப் போறதே வெளிநாடு போற மாதிரி.

அந்தப் பெரியப்பாவோடதுதான் இந்த கார். 1965 மாடல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, ரெண்டு கதவு. நெல் மண்டி வெச்சிருந்தவர், மெட்ராஸ்ல செகண்ட் ஹேண்டா வாங்கினார். வெளிர் நீல பாடி, கருப்பு வினைல் டாப். "ஏன் பெரியப்பா மேல மட்டும் கருப்பு?"ன்னு சின்ன வயசுல கேப்பேன். "ஸ்டைலு பாப்பா"ன்னு சொல்லிட்டுச் சிரிப்பார்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்துச்சு. ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல மழை. கார் ஷெட்டோட சீட்டு பறந்துபோச்சு. ரெண்டு நாள் கழிச்சுக் கதவைத் திறந்தா, உள்ள சீட்டு மேல செம்மண் கலர்ல தண்ணி சொட்டுது. அது மண் இல்ல, துரு. மேல கை வெச்சா வினைல் கொப்புளம் மாதிரி அமுங்குச்சு.

தோல் கூரை எங்க இருந்து வந்துச்சு

முதல்ல இரும்புக் கூரைக்கு எதுக்குத் தோல் சட்டைன்னு பாப்போம்.

குதிரை வண்டிக் காலத்துல லேண்டோன்னு ஒரு வண்டி. ஜெர்மனியில இருக்கிற லேண்டாவ் ஊர்ப் பேர்ல இருந்து வந்த பேர். மேல தோல் கூரை, வேணும்னா மடக்கிக்கலாம். வசதியானவங்க வண்டி. மெட்ராஸ்லயும் இந்த மாதிரி வண்டி கட்டுறவங்க இருந்தாங்க. 1840-ல தொடங்கின சிம்சன் கம்பெனி அப்படி வளர்ந்ததுதான். அதே சிம்சன்ல இருந்த சாமுவேல் ஜான் கிரீன் 1903-ல நீராவி கார் ஒண்ணு கட்டி மெட்ராஸ் ரோட்டுல ஓட்டினார். குதிரை வண்டி கட்டின பட்டறைகள்தான் கார் பாடி கட்டின முதல் பட்டறைகளும். அதனால ஆரம்பகால கார்களுக்கும் துணி, தோல்தான் கூரை. பாண்டி மியூசியத்துல புஸ்-புஸ் வண்டி பாத்திருப்பீங்க. பின்னால ஒரு ஆள் தள்ள, முன்னால உக்காந்திருக்கிறவர் திருப்புற வண்டி. எந்த வண்டியா இருந்தாலும் ஏறி உக்காந்தா தலைக்கு மேல மறைப்பு இருக்கணும்கிறதுதான் கௌரவம்.

தோல் விலை அதிகம். அதனால தோல் மாதிரி ஒண்ணு தேவைப்பட்டுச்சு. மான்செஸ்டர் பக்கத்துல ஹைட் ஊர்ல ரெக்சின்னு ஒரு கம்பெனி. துணி மேல செல்லுலோஸ் நைட்ரேட், கற்பூர எண்ணெய், ஆல்கஹால், நிறம் எல்லாம் கலந்து பூசி, தோல் மாதிரியே வரிவரியா அச்சு அழுத்தினாங்க. கம்பெனி பேர்தான் நம்ம ஊர்ல பொருளோட பேராவே ஆயிடுச்சு. பஸ் சீட்டு, தியேட்டர் சீட்டு, ஸ்கூல் பை, எல்லாமே ரெக்சின். 1920-கள்ல வேமன்னு ஒருத்தர் கார் பாடியையே மரச்சட்டம் போட்டு இந்த மாதிரித் துணியால மூடினார். இரும்புத் தகட்டை அச்சுல அழுத்துற மெஷின் பரவினதும் அந்த முறை மறைஞ்சுபோச்சு.

இப்ப வினைல். 1926-ல அமெரிக்காவுல பி.எஃப். குட்ரிச் கம்பெனியில வால்டோ சீமன்னு ஒரு வேதியியலாளர், ரப்பரை இரும்போட ஒட்ட பசை தேடிட்டிருந்தார். கெட்டியான பி.வி.சி.யை ஒரு கரைப்பான்ல போட்டுச் சூடாக்கினார். வளையுற, தண்ணி புகாத ஒண்ணு கிடைச்சுது. ஆனா எதுலயும் ஒட்டல! ஒட்டாத பசையில இருந்து பிறந்த பொருளைத்தான் நாம கூரையில ஒட்டிக்கிட்டு இருக்கோம்.

1962-ல ஃபோர்டு தண்டர்பேர்டுல லேண்டோங்கிற பேர்லயே ஒரு மாடல் விட்டாங்க. இரும்புக் கூரைக்கு மேல வினைல், பக்கத்துல வண்டி மடக்குற கம்பி மாதிரி ஒரு அலங்காரக் கம்பி. அந்தக் கூரை மடங்காது, கம்பியும் எதையும் மடக்காது. ஆனா பாக்க குதிரை வண்டிக் காலத்துப் பணக்காரத்தனம். 1970-கள்ல அமெரிக்கா, இங்கிலாந்து ரெண்டுலயும் இது பெரிய ஃபேஷன். கம்பெனிக்கு ஆகுற செலவு குறைவு, வாங்குறவங்ககிட்ட கேக்குற விலை அதிகம். இன்னொரு லாபமும் உண்டு. காரை நடுவுல வெட்டி நீட்டி லிமோசின் செஞ்சவங்களுக்கு வெல்டிங் தையலை மறைக்க வினைல் வசதியா இருந்துச்சு. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

கழட்டக்கூடிய கூரை

ஹெரால்டு ஏன் முக்கியம்னா, அதோட கூரை போல்ட் போட்ட கூரை.

இங்கிலாந்துல ஸ்டாண்டர்ட்-ட்ரையம்ஃப் கம்பெனிக்கு கார் பாடி செஞ்சு குடுத்த ஆலையைப் போட்டி கம்பெனி வாங்கிடுச்சு. முழு பாடியை ஒரே இடத்துல செய்ய வழியில்ல. அதனால தனி சேசிஸ் வெச்சு, பாடியைத் துண்டுதுண்டா வேற வேற இடத்துல செஞ்சு, போல்ட் போட்டுச் சேர்த்தாங்க. இத்தாலிக்காரர் மிச்சலோட்டி டிசைன். 1959-ல வந்துச்சு. நம்ம மெட்ராஸ்ல 1948-ல தொடங்கின ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் 1961-ல இருந்து வண்டலூர் பக்கத்து ஆலையில இதைச் செஞ்சுது. அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு, அவ்வளவுதான் அன்னைக்கு இந்தியாவுல கார். புது கார் வேணும்னா பேர் குடுத்துட்டு வருஷக்கணக்குல காத்திருக்கணும். பிறகு அதே கம்பெனி கெஸல், 1985-ல ஸ்டாண்டர்ட் 2000 எல்லாம் விட்டுப் பாத்துச்சு. 1988-ல கார் உற்பத்தி நின்னுடுச்சு.

அந்த போல்ட் டிசைன் எனக்கு 60 வருஷம் கழிச்சு உதவுச்சு. மாசி மாசம், காத்துல ஈரம் குறைஞ்சதும் ஆரம்பிச்சோம். உள்பக்கத் துணியை இறக்கி, போல்ட்டுக்கு மண்ணெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊற வெச்சோம். மறுநாள் நாலு பேர் சேர்ந்து கூரையை அப்படியே தூக்கி ரெண்டு பெஞ்சு மேல வெச்சாச்சு. மத்த கார்ல ஏணி போட்டு எக்கணும். இங்க இடுப்பு உயரத்துல வேலை.

பின்கண்ணாடியையும் ரப்பரையும் கழட்டி, ஓரத்து பீடிங்கை எடுத்து, ஹீட் கன்ல சூடு காட்டி வினைலை உரிச்சேன். பி.வி.சி.யை மென்மையாக்க கலக்குற எண்ணெய் வெயில்ல மெல்ல மெல்லப் போயிடும். அப்புறம் அது சுருங்கும், விறைக்கும், தையல்கிட்ட வெடிக்கும். வெடிப்பு வழியா தண்ணி உள்ள போகும், ஆனா வெளிய வர வழி கிடையாது. மழையில இருந்து காப்பாத்துற மாதிரி தெரியுறதுதான் மழையை உள்ள பிடிச்சு வெச்சுக்குது.

பாதி உரிச்சதும் கை நின்னுடுச்சு.

கூரை நடுவுல ஒரு பள்ளம். சோத்துத் தட்டு அகலம். சுத்தியால உள்ள இருந்து தட்டித் தூக்கி, மேல பட்டி பூசி, பெயிண்ட்டே அடிக்காம விட்ட இடம். துரு அங்க இருந்துதான் கிளம்பியிருக்கு. டிங்கர் வேலை தெரிஞ்ச யாரும் அப்படி விடமாட்டாங்க. அவசரத்துல செஞ்சது.

"மூடிடு பாப்பா"

பெரியப்பாவைக் கூட்டிட்டு வந்து காட்டினேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம் மெதுவா சொன்னார்.

1970-கள் நடுவுல ஒரு மழைக்காலம். தென்னை மரத்துல இருந்து ஒரு குலை அப்படியே கூரை மேல விழுந்துருச்சு. அந்த வருஷம் மண்டியில பெரிய நஷ்டம். முழு பெயிண்ட் அடிக்கக் கையில காசு இல்ல. "வண்டி நசுங்கிக் கெடந்தா என்ன ஆவும் சொல்லு? மண்டிக்காரன் ஒடைஞ்சுட்டான்னு ஊர் பேசும். நெல்லுப் போட்டவன் அத்தினி பேரும் மறுநாளே காசு கேட்டு வாசல்ல நிப்பான். குடுக்க ஒண்ணும் இல்ல பாப்பா." பாண்டியில சீட் கவர் தைக்கிறவர் ஒருத்தர்கிட்ட கொண்டுபோய், ராத்திரியோட ராத்திரியா வினைல் ஒட்டி, விடியக்காலம் திரும்ப ஓட்டிட்டு வந்தாராம். ஊரே "புது ஸ்டைலு"ன்னு சுத்தி நின்னு பாத்துச்சு. அடுத்த அறுவடை வரைக்கும் யாரும் வந்து காசு கேக்கல.

பெரியம்மாவுக்குக்கூட இது தெரியாதாம்.

இப்ப எனக்கு ஒரு சிக்கல். வினைல் கம்பெனி போட்டது இல்ல, பின்னால ஒட்டினது. பழைய கார் சேகரிக்கிறவங்க, ஆலையில இருந்து வந்த மாதிரி நீல பெயிண்ட்டுக்குத் திரும்பணும்னுதான் சொல்வாங்க. கூரைக்கும் அதுதான் நல்லது. நானும் அப்படித்தான் முடிவு பண்ணியிருந்தேன். ஆனா இந்த காரோட உண்மையான வரலாறு 1965-ல ஆலை கேட்லயே முடிஞ்சுபோச்சா? அது ஒரு குடும்பத்தைக் காப்பாத்தின ராத்திரி கணக்குல வராதா?

பெரியப்பா ஒரே வார்த்தைதான் சொன்னார். "மூடிடு பாப்பா."

மூடினேன், ஆனா சரியா. பட்டி முழுக்க சுரண்டி, ஓட்டை விழுந்த இடத்துல தகடு வெச்சு வெல்டிங். துரு போக உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, பிரைமர், அதுக்கு மேல முழு பெயிண்ட், நீலம்தான். வெளிய தெரியாட்டியும் பெயிண்ட் இருந்தாத்தான் வினைல் மேல தண்ணி புகுந்தாலும் இரும்பைத் தொடாது. அது ஒரு வாரம் காயணும்.

புது வினைலை வெயில்ல விரிச்சுப் போட்டா மடிப்பு போயிடும். கூரைக்கு நடுக்கோடு, துணிக்கு நடுக்கோடு, ரெண்டும் சாக்பீஸ்ல. பாதியை மடக்கி வெச்சு, ரெண்டு பக்கமும் சொல்யூஷன் தடவணும். உடனே ஒட்டக்கூடாது. தொட்டா விரல்ல பிசுக்குன்னு இருக்கணும், ஆனா விரலோட வரக்கூடாது. நடுவுல இருந்து ஓரத்துக்குக் கையால தேய்ச்சுத் தேய்ச்சு இறக்கணும். அப்புறம் மறுபாதி. இதை மழை நாள்லயோ சாயங்காலப் பனியிலயோ செய்யாதீங்க. சொல்யூஷன் காயுறப்போ மேற்பரப்பு குளிரும், காத்துல இருக்கிற ஈரம் அதுல படிஞ்சு வெள்ளையா பூக்கும், பிடிப்பு போயிடும். கடற்கரைப் பக்கத்து ஊர்ல காலை பத்துல இருந்து மூணுக்குள்ள முடிச்சுடுங்க.

நடுக்கோட்டைப் பிடிச்சு நின்னது பெரியப்பாதான். கை நடுங்குச்சு, ஆனா கோடு அசையல. ஒட்டுறதுக்கு முன்னாடி அந்தப் பள்ளத்தை போட்டோ எடுத்து வெச்சிருக்கேன். இந்தக் கதையை இங்க சொல்ல அவர்கிட்ட கேட்டேன். "அவுங்க காசெல்லாம் குடுத்துட்டேன், சொல்லு"ன்னார்.

கூரையை மாட்டி அரியூர் வரைக்கும் ஒரு ரவுண்டு போனோம். டீக்கடையில ஒரு காலேஜ் பையன் வந்து கூரையைத் தடவிப் பாத்தான். "தாத்தா, இதென்ன மேல மட்டும் கருப்பு?"

பெரியப்பா என்னை ஒரு தடவை பாத்தார். "ஸ்டைலு தம்பி."