எரித்தால் சாம்பல், புரட்டினால் உரம்

ஆண்டுதோறும் வறட்சி தொடங்கும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் கெடாவின் பால்மரங்கள் இலை உதிர்க்கும். சுங்கை பட்டாணிக்குத் தெற்கே, மூடா ஆற்றை ஒட்டிய திகாம் பத்து வட்டாரத்துக்கும் அது பழகிய காட்சி. தோட்டத்தில் உதிர்ந்த இலையை யாரும் குப்பை என்று சொன்னதில்லை. மரத்தடியிலேயே கிடந்து, மழை வந்ததும் மக்கி, மரத்துக்கே அது உணவானது. தோட்டங்கள் தாமான்களாக மாறிய பிறகு நிலைமை வேறு. வாசலில் கூட்டிய மாவிலையும் வெட்டிய புல்லும் பிளாஸ்டிக் பையில் கட்டப்பட்டுக் குப்பை லோரிக்குக் காத்திருக்கின்றன. இல்லையென்றால் வீட்டுக்குப் பின்னால் புகைகின்றன.

இலை எப்போது குப்பையானது? குப்பையான இலையை மீண்டும் உரமாக்க உழைத்தவர்கள் யார்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடினால், அந்த வரலாற்றில் தமிழர்களின் கைகளும் தெரியும்.

தோட்டம் கற்ற பாடம்

மலாயாவில் ரப்பர் நடவு பெருகிய 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தோட்டத்து மண்ணில் ஒரு புல்கூட இருக்கக் கூடாது என்பதே நிர்வாகங்களின் கொள்கை. தமிழ்த் தொழிலாளர்கள் நாள் முழுதும் குனிந்து புல் வெட்டினார்கள். மண் பளிச்சென்று இருந்தது. ஆனால் மழை பெய்தபோது சரிவுகளில் இருந்த மேல்மண் கரைந்து ஓடியது. மண்ணை மூடிவைக்க வேண்டும் என்பது அதன் பிறகே நிர்வாகங்களுக்கு உறைத்தது. பயறு வகையைச் சேர்ந்த கொடிகளை வரிசைகளுக்கிடையே படரவிடும் வழக்கம் பரவியது. சுத்தம் என்று நினைத்துச் செய்த வேலை மண்ணுக்குக் கேடாக முடிந்தது என்பதுதான் தோட்டம் கற்ற பாடம்.

இந்தூரிலிருந்து சிங்கப்பூருக்கு

அதே காலத்தில் இந்தியாவில் வேறொரு முயற்சி நடந்தது. 1924இல் இந்தூரில் தொடங்கிய பயிராய்வுக் கழகத்தின் இயக்குநராக இருந்தவர் ஆல்பர்ட் ஹாவர்ட். உடன் பணியாற்றிய வேதியியல் அறிஞர் யஷ்வந்த் வாட் துணையோடு, சருகு, பயிர்க்கழிவு, சாணம், மண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கடுக்காகப் பரப்பி, ஈரம் காத்து, குறித்த நாட்களில் புரட்டினால் மூன்று மாதத்தில் நல்ல உரம் கிடைக்கும் என்று காட்டினார். 1931இல் இருவரும் எழுதிய நூல் வெளிவந்தது. ‘இந்தூர் முறை’ என்ற பெயர் உலகெங்கும் பரவியது. சீன விவசாயிகளின் பழைய வழக்கமும் இந்திய விவசாயிகளின் அனுபவமுமே அதற்கு அடிப்படை. இந்திய விவசாயிகளையே தம் ஆசிரியர்கள் என்று ஹாவர்ட் சொன்னதும் பதிவாகியுள்ளது.

வயலுக்கு வகுத்த முறை விரைவிலேயே ஊருக்கும் வந்தது. 1934இல் ஜாக்சன் என்பவரும் வாட்டும், ஊர்க் கழிவை இந்தூர் முறையில் உரமாக்கும் வழியை இந்திய மருத்துவ இதழில் விளக்கினார்கள். ஊர் நிர்வாகம் உரம் செய்யலாம் என்ற எண்ணம் இப்படித்தான் வேரூன்றியது.

அது மலாயாக் கரையையும் தொட்டது. சிங்கப்பூரில் தலைமைச் சுகாதார அதிகாரியாக இருந்த டாக்டர் ஸ்கார்ஃப், 1940இல் தம் துறையில் வேலை செய்த சுமார் 500 தமிழ்த் தொழிலாளர்களைக் கொண்டு, அவர்களின் குடியிருப்பைச் சுற்றியே காய்கறித் தோட்டங்கள் போடவைத்தார். செடிகளுக்கு இட்டது மக்கிய உரம். ஓராண்டுக்குள் தொழிலாளர்களின் நோயும் சோர்வும் குறைந்தன, உழைக்கும் வலு கூடியது என்று அவர் எழுதினார். ஹாவர்ட் அதைத் தம் பிற்கால நூலில் எடுத்துச் சொன்னார். புள்ளிவிவரம் திரட்டி முடிப்பதற்குள் 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. ஆகவே இதை விஞ்ஞான நிரூபணம் என்று கொள்ள முடியாது. ஆனால் ஊரின் சுகாதாரத்துக்காக உழைத்தவர்களின் தட்டுக்கு, அந்த உழைப்பின் பலன் கீரையாகவும் காயாகவும் வந்து சேர்ந்தது. அந்த வரலாறு மறக்கக்கூடியதல்ல.

இயந்திரம் வந்தது, உரம் வரவில்லை

கைகளை நம்பிய முறை இருந்தும், பிற்காலத்தில் நகரங்கள் இயந்திரத்தை நம்பின. 1970களின் பிற்பகுதியில் இந்தியாவின் பெரிய நகரங்களில் நாளொன்றுக்கு 150 முதல் 300 டன் வரை கையாளும் உர ஆலைகள் எழுந்தன. அவற்றில் பெரும்பாலானவை நிலைக்கவில்லை. செலவு அதிகம் என்பது ஒரு காரணம். கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் கலந்த குப்பை உள்ளே போனது இன்னொரு காரணம். கண்ணாடித் துண்டு கலந்த உரத்தை எந்த விவசாயி வாங்குவார்?

வேறு பாதையில் போனவர்களும் உண்டு. அமெரிக்காவில் 20க்கும் மேற்பட்ட மாநிலங்கள், புல்லும் இலையும் குப்பைமேட்டுக்கு வரக்கூடாது என்று 1980களின் இறுதியிலிருந்து தடை விதித்தன. தோட்டக்கழிவு தனியாக வந்ததால், ஆயிரக்கணக்கான எளிய உரக்களங்கள் அங்கே உருவாயின.

மலேசியாவில் செம்பனைத் தோட்டங்கள் முதலில் வழிகாட்டின. மறுநடவின்போது பழைய மரங்களை எரிக்காமல், துண்டாக்கி மண்ணிலேயே மக்கவிடும் முறைக்காக கோல்டன் ஹோப் நிறுவனம் 1992இல் ஐக்கிய நாட்டுச் சுற்றுச்சூழல் திட்டத்தின் ‘குளோபல் 500’ விருதைப் பெற்றது. 1997 செப்டம்பரில் புகைமூட்டத்தால் சரவாக்கில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டே சுற்றுச்சூழல் தரச் சட்டம் திருத்தப்பட்டு, சில விதிவிலக்குகளுடன் திறந்தவெளி எரிப்புக்குத் தடை வந்தது. 2007இல் நிறைவேறிய திடக்கழிவுச் சட்டம் 2011 செப்டம்பர் 1 முதல் கெடாவிலும் நடப்புக்கு வந்தது. 2015 செப்டம்பரில் வீட்டிலேயே குப்பையைப் பிரிப்பது கட்டாயமானது. வாரத்தில் இரண்டு நாள் சாதாரணக் குப்பைக்கு. ஒரு நாள் மறுசுழற்சிப் பொருள், பெரிய பொருள், தோட்டக்கழிவு ஆகியவற்றுக்கு என்று நாட்கள் வகுக்கப்பட்டன.

இந்திய ஆலைகளைக் கவிழ்த்தது கலப்படம். அதற்கான மருந்து நம் சட்டத்திலேயே இருக்கிறது. பிரித்து எடுத்த இலை உரக்களத்துக்குப் போகிறதா, மீண்டும் குப்பைமேட்டில்தான் சேர்கிறதா என்பதே இனி கேள்வி. காற்றுப் புகாமல் புதைந்த இலையிலிருந்து மீத்தேன் வாயு எழும். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், அது கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கும் மேலாகப் பூமியைச் சூடாக்கும்.

உரக்களத்தின் நாளாந்த வேலை

திகாம் பத்து போன்ற சிற்றூருக்குப் பெரிய ஆலை தேவையில்லை. தனி நிலம், கிளைகளை நறுக்கும் இயந்திரம், புரட்டுவதற்கு ஒரு டிராக்டர், மழைக்குக் கூரை, வழிந்தோடும் நீருக்கு வடிகால் ஆகியவை போதும். மற்றதெல்லாம் கவனம்தான். பச்சைப் புல்லில் தழைச்சத்து அதிகம். சருகிலும் மரத்துண்டிலும் கரிமம் அதிகம். ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25 முதல் 30 பங்கு கரிமம் அமையும்படி கலக்க வேண்டும். புல்லை மட்டும் குவித்தால் நாறும். கிளையை மட்டும் குவித்தால் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். கையில் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் ஒழுகக் கூடாது.

பல உரக்களங்கள் அளவுகோலாகக் கொள்ளும் அமெரிக்க விதி ஒன்று உண்டு. குவியலின் உள்ளே 55 பாகை செல்சியஸுக்குக் குறையாத வெப்பம் 15 நாள் நிற்க வேண்டும். அதற்குள் ஐந்து முறை புரட்ட வேண்டும். அப்போதுதான் நோய்க்கிருமியும் களை விதையும் சாகும்.

கெடாவுக்கு இன்னோர் எச்சரிக்கையும் தேவை. தென்னையையும் செம்பனையையும் துளைக்கும் காண்டாமிருக வண்டு, மக்கும் குவியலில்தான் முட்டையிடும். புரட்டாமல் போட்ட குவியல் பக்கத்துத் தோட்டத்துக்குப் பகையாகும். ஒழுங்காகப் புரட்டிச் சூடேறிய குவியலில் அதன் புழு பிழைக்காது. இதனால்தான் உரக்களம் நடத்துவது ஒருநாள் திறப்பு விழாவோடு முடியும் காரியம் அல்ல. வெப்பமானியைச் செருகிப் பார்க்கவும் தேதி குறித்து வைக்கவும் மழை நாளிலும் வந்து புரட்டவும் தெரிந்த தொழிலாளர்கள் வேண்டும். அவர்களுக்கு முகக்கவசம், கையுறை, முறையான பயிற்சி, நிலையான சம்பளம் எல்லாம் வேண்டும். இயந்திரத்துக்கு ஒதுக்கும் பணத்தோடு ஆளுக்கும் ஒதுக்காத திட்டம் நிலைக்காது. முன்பு தோட்டத்தில் புல் வெட்டியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாழும் ஊர்களில், இந்த வேலை மீண்டும் குறைந்த கூலியின் மறுபெயராக ஆகிவிடக் கூடாது.

நகராண்மைக் கழகத்தின் பொறுப்பு அது என்றால், வீட்டாரின் பொறுப்பும் உண்டு. இலையைக் கூட்டும்போது உள்ளே ஒரு பிளாஸ்டிக் உறையோ உடைந்த கண்ணாடியோ போகாமல் பார்ப்பது, அதற்குரிய நாளில் தனியாக வைப்பது, தீக்குச்சியைத் தொடாமல் இருப்பது ஆகிய மூன்றும் நம் கையில் இருக்கின்றன. அதைச் செய்துவிட்டு, ‘எங்கள் இலை எங்கே போகிறது?’ என்று உங்கள் வட்டார நகராண்மைக் கழக உறுப்பினரிடம் கேளுங்கள். கேட்கும் உரிமை வரி கட்டும் ஒவ்வொரு வீட்டுக்கும் உண்டு.