விதையின் பொலி: ஆதிரெங்கம் நெல் திருவிழாவின் தோற்றமும் வளர்ச்சியும்

முன்னுரை

நெல் விளையும் நாட்டில் நெல்லுக்கு விழா எடுப்பது புதிதன்று. ஆயினும் பல மாவட்டங்களைச் சேர்ந்த உழவர்கள் ஓரிடத்தில் கூடி, விதைநெல்லை விலையின்றிப் பெற்றுச் சென்று, அடுத்த ஆண்டு அதனைப் பெருக்கித் திருப்பித் தரும் விழா தமிழ்நாட்டில் அண்மைக் காலத்தில்தான் உருப்பெற்றது. திருவாரூர் மாவட்டம் திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் 2000களின் நடுப்பகுதியில் தொடங்கிய நெல் திருவிழா அதற்கு முதன்மையான சான்றாகும். ஊருக்குள் நெடுங்காலம் நிலவிய விதைப் பரிமாற்ற முறை எவ்வாறு முறிந்தது என்பதையும், முறிந்த அம்முறையை இவ்விழா ஊரெல்லை கடந்து மீண்டும் எவ்வாறு அமைத்தது என்பதையும் வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விதைநெல்லும் ஊரும்

காவிரிப் படுகையின் பழைய வேளாண்மையில், அறுவடைக்குப் பின் களத்துமேட்டில் குவிந்த நெல்லில் முற்றிய கதிர்களின் மணிகள் முதலில் விதைக்கெனப் பிரிக்கப்பட்டன. பதர் போகத் தூற்றி, நன்கு காயவைத்த அந்நெல்லை வைக்கோல் புரியால் சுற்றிப் பந்துபோல் இறுக்கி, மேலே சாணமும் மண்ணும் மெழுகிக் கட்டி வைத்தனர். இதற்கு விதைக்கோட்டை என்று பெயர். உண்ணும் நெல் குதிரிலும் பத்தாயத்திலும் இருக்க, விதைநெல் கோட்டைக்குள் ஈரமும் பூச்சியும் அணுகாமல் அடுத்த பட்டம் வரை காத்திருந்தது. பசி வந்தாலும் விதைநெல்லைக் குற்றித் தின்னக் கூடாது என்னும் எண்ணம் உழவர் வாழ்வில் அறமாகவே நிலைத்திருந்தது.

தன்னிடம் விதை இல்லாதவர் அடுத்த வீட்டிலிருந்தோ அடுத்த ஊரிலிருந்தோ அளந்து வாங்கிக்கொண்டு, விளைந்தபின் சற்றுக் கூடுதலாக அளந்து கொடுத்தார். இந்தக் கூடுதலைக் குறிக்கும் சொற்கள் தமிழில் மிகப் பழையவை. களத்தில் குவிந்த நெல்லைக் குறிக்கும் ‘பொலி’ என்னும் சொல்லோடு உறவுடைய ‘பொலிசை’ என்பது சோழர் காலக் கல்வெட்டுகளில் வட்டியைக் குறிக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலிலிருந்து காசு பெற்ற ஊர்ச் சபைகள் அதற்கான பொலிசையை ஆண்டுதோறும் நெல்லாக அளந்ததைக் கல்வெட்டுகள் தெரிவிக்கின்றன. பெருகுதல் என்னும் பொருளிலிருந்து வட்டி என்னும் பொருள் கிளைத்திருப்பது, மண்ணில் இட்ட மணி பன்மடங்காகும் என்னும் உழவனின் பட்டறிவையே காட்டுகிறது.

நெல்லைப் பலருக்கும் பகிர்ந்தளித்தல் விழாவாக நினைவுகூரப்பட்டதற்கும் இதே வட்டாரத்தில் சான்று உண்டு. திருவாரூரில் இருந்த சுந்தரருக்குக் குண்டையூர்க் கிழார் நெல் அனுப்பி வந்ததையும், மழை பொய்த்த காலத்தில் இறையருளால் நெல் மலையாகக் குவிந்ததையும், அந்நெல் திருவாரூர் வீதிகளை நிறைத்தபோது அவரவர் மனை எல்லைக்குள் கிடந்த நெல்லை அவரவரே எடுத்துக்கொள்ளுமாறு சுந்தரரின் மனைவி பரவையார் பறையறைவித்ததையும் பெரியபுராணம் கூறுகிறது. திருக்குவளைப் பகுதியில் இந்நிகழ்ச்சி இன்றும் மாசி மாத விழாவாகக் கொண்டாடப்படுகிறது. ஓரிடத்தில் குவிந்த நெல் வீடுதோறும் சென்று சேரவேண்டும் என்னும் கருத்து இவ்வட்டாரத்தின் சமய நினைவில் ஊறியது என்பதற்கு இது போதிய சான்றாகும்.

இப்பரிமாற்றத்தால் பெருகிய வகைகளின் மிகுதியை இலக்கியமும் பதிவு செய்துள்ளது. முக்கூடற்பள்ளு முதலான பள்ளு நூல்கள் நெல் வகைகளின் பெயர்களை நீளமாக அடுக்குவது கற்பனை அலங்காரம் மட்டுமன்று. ஒவ்வொரு நிலத்துக்கும் நீருக்கும் பருவத்துக்கும் தனித்தனி நெல் இருந்த உழவுலகின் பட்டியலும் ஆகும். மேட்டு நிலத்துக்கும் பள்ளக் காலுக்கும், உவர் மண்ணுக்கும் களர் மண்ணுக்கும், கடைமடையில் நீர் தங்கும் வயலுக்கும் வேறுவேறு நெல் தேவைப்பட்டது. நீண்ட காலச் சம்பா வகைகள் பலவற்றுக்கு ஒளிக்காலம் உணரும் இயல்பு, அதாவது பகற்பொழுது குறுகும்போதுதான் கதிர் விடும் தன்மை இருந்ததால், விதைப்பு சற்று முன்பின்னாக நேர்ந்தாலும் அவை மழை ஓய்ந்த தை மாதத்தை ஒட்டி அறுவடைக்கு வந்தன. தைப்பொங்கலும் சம்பா அறுவடையும் ஒரே காலத்தில் அமைவதற்கு இவ்வியல்பும் ஒரு காரணமாகும்.

விதை ஊரை விட்டு நீங்கிய காலம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெல் விதை ஆய்வுக் கூடங்களின் பொறுப்புக்குள் வரத் தொடங்கியது. 1912இல் கோயம்புத்தூரில் நெல் ஆராய்ச்சி நிலையமும், 1922இல் ஆடுதுறையில் ஆராய்ச்சி நிலையமும் அமைந்தன. தொடக்க காலத்தில் இந்நிலையங்கள் உழவரிடம் இருந்த நெல்லிலிருந்தே சிறந்தவற்றைத் தேர்ந்தெடுத்தன. 1921இல் வெளியிடப்பட்டுப் பெரும்புகழ் பெற்ற ஜி.இ.பி. 24 என்னும் இரகம் கிச்சிலிச் சம்பாவிலிருந்து தோன்றியதே. எனவே ஆய்வு நிலையங்களுக்கும் உழவர் வயலுக்கும் இடையிலான பிளவு தொடக்கத்திலேயே ஏற்பட்டதாகக் கருத இயலாது.

பிளவு ஆழமானது 1960களில்தான். உணவுப் பற்றாக்குறையைப் போக்கும் நோக்கில் 1960-61இல் தொடங்கப்பட்ட தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டத்தில் அன்றைய தஞ்சாவூர் மாவட்டம் சேர்க்கப்பட்டது. விதை, உரம், கடன், பரிந்துரை ஆகிய அனைத்தையும் ஒரே தொகுப்பாக உழவருக்கு வழங்கியதால் இது தொகுப்புத் திட்டம் என்றும் வழங்கப்பட்டது. அந்தப் பத்தாண்டின் நடுவில் ஆடுதுறை 27 என்னும் குறுகிய கால நெல் குறுவைப் பட்டத்தில் வேகமாகப் பரவியது. 1966இல் பிலிப்பைன்ஸிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ஐ.ஆர். 8 என்னும் குட்டை நெல்லும் வந்து சேர்ந்தது. உயர்ந்து வளரும் பழைய நெல் இரசாயன உரத்தின் மிகுதியால் சாய்ந்துவிடும். குட்டை நெல்லோ உரத்தை ஏற்று, சாயாமல் நின்று, கூடுதலாக விளைந்தது. பசித்த நாட்டுக்கு அது உணவளித்தது என்பதை மறுக்க இயலாது.

எனினும், அதே காலத்தில் விதை பற்றிய உறவு முற்றிலும் மாறியது. ஊரில் கோட்டையாகக் கட்டப்பட்டிருந்த விதை, வேளாண் விரிவாக்க மையத்திலும் கடையிலும் மூட்டையாக வந்திறங்கியது. 1966ஆம் ஆண்டு விதைச் சட்டத்தால் சான்று பெற்ற விதை என்னும் கருத்து வலுப்பெற்றது. பல வகைகளுக்கு மாற்றாகச் சில இரகங்களே எல்லா வயல்களிலும் நின்றபோது, மற்றவற்றைப் பயிரிடுவோர் அருகினர். நெல் ஓராண்டு விதைக்கப்படாவிட்டால் அதன் முளைப்புத் திறன் குன்றும். சில ஆண்டுகள் தொடர்ந்து விதைக்கப்படாவிட்டால் அந்த ஊரில் அந்த வகையே இல்லாமற்போகும். இவ்வாறுதான் பல வகைகள் ஓசையின்றி மறைந்தன.

நடைப்பயணத்திலிருந்து திருவிழாவுக்கு

இம்மாற்றத்தை மறுபரிசீலனை செய்த குரல்களுள் முதன்மையானது கோ. நம்மாழ்வாருடையது. 1938இல் தஞ்சாவூர் மாவட்டம் இளங்காட்டில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை பயின்று, கோவில்பட்டி மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய அவர், மானாவாரி உழவருக்கு அந்த ஆராய்ச்சி பயன்படவில்லை என்று கருதிப் பணியைத் துறந்தார். 2003இல் பூம்புகாரிலிருந்து கல்லணை வரை அவர் தலைமையில் நடந்த இயற்கை வேளாண்மைப் பரப்புரை நடைப்பயணம், ஆங்காங்கே எஞ்சியிருந்த மரபு நெல் வகைகளை நேரில் காணவும் சேகரிக்கவும் வாய்ப்பளித்தது. அப்பயணத்தில் உடன் சென்ற திருத்துறைப்பூண்டிப் பகுதியினரான இரா. ஜெயராமன் பின்னாளில் ‘நெல்’ ஜெயராமன் என்றே அறியப்பட்டார்.

ஜெயராமன் நுகர்வோர் இயக்கப் பணியிலிருந்து வேளாண்மைக்கு வந்தவர் என்பது கருதத்தக்கது. உண்பவரின் உடல்நலமும் விளைவிப்பவரின் வாழ்வும் ஒரே விதையில் தொடங்குகின்றன என்னும் பார்வை இதனால் விழாவின் அமைப்பிலேயே இடம்பெற்றது. ஐக்கிய நாடுகள் அவை பன்னாட்டு நெல் ஆண்டாக அறிவித்த 2004ஆம் ஆண்டையொட்டி, தென்னிந்தியாவில் ‘நமது நெல்லைக் காப்போம்’ இயக்கம் உருவானது. அவ்வியக்கத்தின் தமிழ்நாட்டு ஒருங்கிணைப்பாளராக ஜெயராமன் விளங்கினார். அதே ஆண்டு டிசம்பர் 26 அன்று தாக்கிய ஆழிப்பேரலையால் நாகப்பட்டினம் மாவட்டத்து வயல்களில் உப்பு நீர் ஏறியபோது, உவரைத் தாங்கும் குழியடிச்சான் போன்ற பழைய நெல் வகைகளின் தேவை பலராலும் உணரப்பட்டது. இச்சூழலில்தான் கிரியேட் என்னும் நுகர்வோர் அமைப்பின் ஆதரவுடன் ஆதிரெங்கம் பண்ணையில் நெல் திருவிழா தொடங்கியது.

இரண்டுக்கு நான்கு

இவ்விழாவின் நடுநாயகமாக விளங்குவது ஓர் எளிய அளவை. உழவர் ஒருவர் விரும்பும் வகையில் 2 கிலோ விதையைப் பெற்றுச் செல்கிறார். மறு ஆண்டு அவ்வகையில் 4 கிலோவைத் திருப்பித் தருகிறார். இவ்வாறு இரு மடங்காகத் திரும்பும் நான்கு கிலோ, மேலும் இருவரின் வயலுக்குச் செல்கிறது. தனியொருவர் பெற்ற கடனுக்கான பொலி, அதாவது கூடுதல், கடன் கொடுத்தவரின் பத்தாயத்தில் சேர்ந்தது பழைய வழக்கம். இங்கு அந்தப் பொலி முன்பின் அறியாத மூன்றாம் உழவருக்கு விதையாகிறது. பெற்றதைப் பெருக்கித் தரும் பழைய முறை அப்படியே நிற்க, அதன் பயனைப் பெறுபவர் மாறியதே இவ்விழா செய்த அடிப்படை மாற்றமாகும்.

இம்முறை செயற்படுவதற்கு நெல்லின் இயல்பும் துணைநிற்கிறது. நெல் தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர்; அதாவது ஒரே பூவின் மகரந்தம் அப்பூவிலேயே கருவுறச் செய்வதால், சந்ததி பெரும்பாலும் தாயைப் போலவே அமையும். கதிர் விடும் பருவத்தில் வயலில் இறங்கி, உயரத்தாலோ நிறத்தாலோ வேறுபட்டு நிற்கும் கலப்புத் தூர்களைப் பிடுங்கி எறிந்தால் உழவரே தூய விதையைப் பேண முடியும். ஒற்றை நாற்று நடவில் ஏக்கருக்கு ஏறத்தாழ 3 கிலோ விதையே போதுமாதலால், 2 கிலோ விதை சிறு உழவருக்கும் பொருளுள்ள அளவாகிறது.

விழா பெரும்பாலும் மே மாதத்தில் நடைபெற்றதற்கும் காரணம் உண்டு. மேட்டூர் அணை திறக்கப்படும் வழக்கமான நாளான ஜூன் 12க்கும், ஆடி, ஆவணியில் சம்பா விதைப்புத் தொடங்குவதற்கும் முன்னதாக விதை கைக்கு வந்துவிடவேண்டும். அறுவடைக்குப் பின் நன்றி கூறும் விழாவாகத் தைப்பொங்கல் அமைய, விதைப்புக்கு முன் ஆயத்தம் செய்யும் விழாவாக நெல் திருவிழா வேளாண் ஆண்டின் மறுமுனையில் இடம்பெற்றது. 2016 மே மாதத்தில் நடைபெற்ற விழாவில் 156 வகைகள் 7,000க்கும் மேற்பட்ட உழவர்களுக்கு வழங்கப்பட்டதாகத் தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புத் தாவரவியல் பாடநூல் பதிவு செய்துள்ளது. 2018 டிசம்பர் 6 அன்று ஜெயராமன் மறைந்தபோது மீட்கப்பட்ட வகைகள் ஏறத்தாழ 170 ஆகியிருந்தன.

பரிமாற்றத்துக்குச் சட்டத்தின் துணையும் இருந்தது. 2001ஆம் ஆண்டு பயிர் இரகங்கள் மற்றும் உழவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், தம் விளைச்சலிலிருந்து விதையைச் சேமிக்கவும், மீண்டும் விதைக்கவும், பிறருடன் பரிமாறிக்கொள்ளவும் உழவருக்கு உரிமை அளிக்கிறது. ஏட்டில் இருந்த இவ்வுரிமைக்கு மக்கள் கூடும் களம் ஒன்றை இவ்விழா அமைத்துக் கொடுத்தது.

உண்பதால் வாழும் விதை

குளிரூட்டிய அறையில் விதையைக் காப்பது புறப் பாதுகாப்பு. உழவர் வயலில் ஆண்டுதோறும் விதைத்துக் காப்பது களப் பாதுகாப்பு. முன்னதற்கு மின்சாரமும் நிறுவனமும் போதும். பின்னதற்கோ விளைந்ததை விரும்பி உண்போர் வேண்டும். ஆகவே நெல் திருவிழாவில் உணவு விருந்தோம்பலுக்கு மேலான பணியை ஆற்றியது. பாரம்பரிய அரிசிச் சோறும் கஞ்சியும் பலகாரங்களும் அங்கே பரிமாறப்பட்டபோது, பெயரளவில் அறிந்த நெல்லை உழவரும் நகரத்தாரும் நாவால் அறிந்தனர்.

ஒவ்வொரு வகைக்கும் ஏற்ற சமையல் உண்டு என்பதும் இதன்வழி மீண்டும் நினைவுக்கு வந்தது. கருப்புக் கவுனி அரிசியை இரவெல்லாம் ஊறவைத்து, ஊறிய நீரோடே நெடுநேரம் குழைய வேகவைத்து, சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் சேர்த்தால், நாவற்பழ நிறத்தில் செட்டிநாட்டு விருந்தின் இனிப்பு உருவாகும். அதே அரிசியை வெள்ளை அரிசிபோல் கொதித்த உலையில் இட்டு விரைவில் இறக்கினால் விதை விதையாக நிற்கும். உண்டவர் மறுமுறை வாங்கமாட்டார். மாப்பிள்ளைச் சம்பாவின் வடித்த சோற்றில் நீரூற்றி வைத்து மறுநாள் உண்ணும் நீராகாரமும், சீரகச் சம்பாவின் மணமும், தூயமல்லியின் மென்மையும் வெவ்வேறு சமையற் கைப்பக்குவங்களைக் கோருகின்றன. விதை மறையும்போது இந்தப் பக்குவமும், பக்குவம் மறையும்போது விதையின் தேவையும் மறைகின்றன.

அரசின் ஏற்பும் எஞ்சிய சிக்கல்களும்

2021இல் தமிழ்நாட்டின் முதல் தனி வேளாண் நிதிநிலை அறிக்கையில், நெல் ஜெயராமன் பெயரால் மரபுசார் நெல் இரகங்கள் பாதுகாப்பு இயக்கம் அறிவிக்கப்பட்டது. 1960களில் புதிய இரகங்களைக் கொண்டு சென்ற அதே அரசு, அவற்றால் விலக்கப்பட்ட பழைய நெல்லை அரசு விதைப் பண்ணைகளில் பெருக்க முன்வந்தது ஒரு வரலாற்றுத் திருப்பமாகும். தமிழகத்தின் பல ஊர்களில் நெல் திருவிழா, விதைத் திருவிழா என்னும் பெயர்களில் இத்தகைய கூடுகைகள் பெருகியமையும் குறிப்பிடத்தக்கது.

ஆயினும் சிக்கல்கள் தீரவில்லை. மரபு நெல்லின் விளைச்சல் பொதுவாகக் குறைவு. உயர்ந்து வளரும் காட்டுயானம் போன்றவை காற்றிலும் மழையிலும் சாயும்போது இயந்திர அறுவடை கடினமாகிறது. சிவப்பு, கருப்பு அரிசியை அரைக்கும் ஆலைகளும் அருகியே உள்ளன. ஒரே நெல் ஊருக்கொரு பெயரிலும், வேறுவேறு நெல் ஒரே பெயரிலும் வழங்குவதால் அடையாளக் குழப்பம் எழுகிறது. நோய் தீர்க்கும் என்னும் கூற்றுகள் பல, ஆய்வுச் சான்றுக்கு முன்பே விற்பனைச் சொல்லாகிவிட்டன. நகரக் கடையில் கிடைக்கும் உயர்ந்த விலை, விளைவித்த உழவரிடம் முழுமையாகச் சென்று சேர்வதுமில்லை.

முடிவுரை

சோழர் காலப் பொலிசையிலிருந்து ஆதிரெங்கத்தின் இரண்டுக்கு நான்கு வரை, அளந்து வாங்கியதைப் பெருக்கித் தருதல் என்னும் வழக்கம் காவிரிப் படுகையில் வடிவம் மாறி மாறித் தொடர்ந்துள்ளது. இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் அது தளர்ந்தபோது விதையும், விதையைப் பற்றிய அறிவும், அதனைச் சமைக்கும் கைப்பக்குவமும் ஒருசேரத் தளர்ந்தன. நெல் திருவிழா இம்மூன்றையும் ஒரே பந்தலின்கீழ் மீண்டும் இணைத்தது. அரசுப் பண்ணை விதையைப் பெருக்கித் தரலாம், குளிரறை அதனைக் காத்து வைக்கலாம். ஆனால் பெற்ற விதையைத் திருப்பித் தரவேண்டும் என்னும் கடப்பாடு உழவருக்கும் உழவருக்கும் இடையில்தான் பிறக்கிறது. அடுத்த மே மாதத்தில் நான்கு கிலோ விதையோடு திரும்பி வரும் உழவரிடமே இவ்விழாவின் எதிர்காலம் இருக்கிறது.