பொதியின் பெயரும் பொதியுள் இருந்த பண்டமும்

சென்னைக்கு வடக்கே பரந்து கிடக்கும் பழவேற்காட்டு ஏரியின் தென்கோடியில், மடவையும் இறாலும் நண்டும் பிடித்து ஜீவனம் செய்யும் குப்பங்களை இன்று காண்பவர்கள், அதே மணற்பரப்பு ஒரு காலத்தில் கீழை நாடுகளின் ஜவுளி வர்த்தகத்துக்குத் தலைவாசலாக விளங்கிற்று என்றால் எளிதில் நம்பமாட்டார்கள். விஜயநகரத்து வெங்கடபதி ராயரின் அனுமதி பெற்று 1610-இல் இங்கே காலூன்றிய டச்சுக் கம்பெனியார், இரண்டாண்டில் போர்த்துகீசியரின் தாக்குதலுக்கு ஆளாகி, 1613-இல் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பிக்கொண்டு, 1690-இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரையில் சோழமண்டலக் கரையின் வாணிபத்தை இங்கிருந்தே நடத்திவந்தார்கள். கோட்டை அழிந்து மேடாயிற்று. அவர்களுடைய கல்லறைகள் தொல்பொருள் துறையின் பராமரிப்பில் இருக்கின்றன.

அவர்கள் துணி கொள்முதல் செய்த சம்பிரதாயம் ஊன்றி நோக்கத்தக்கது. மொலுக்காத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் பெறுவதற்கு வெள்ளியைக் காட்டிலும் சோழமண்டலத்துத் துணியே மிகுதியும் பயன்பட்டது. ஆனால் ஒவ்வொரு சந்தையும் தனக்குப் பழகிய நிறத்தையும் கரையையும் கட்டத்தையும் கேட்டதேயன்றி, வேறொன்றை விரும்பி ஏற்கவில்லை. ஆகையால் கடல்கடந்து மாதிரித் துணிகள் வரும். வியாபாரிகள் முன்பணம் பெற்று, நெசவாளரையும் சாயக்காரரையும் கொண்டு அம்மாதிரிக்கு இணங்க நெய்வித்தும் தீட்டுவித்தும் கொணர்வார்கள். கிடங்கில் ஒவ்வொரு துணியும் மாதிரியோடு ஒப்பிடப்பட்டு, இணங்கியது தரம் பிரித்துப் பொதியாகக் கட்டப்படும், இணங்காதது விலை குறையும் அல்லது வந்த வழியே திரும்பும். கப்பலேறிய பின் அப்பொதிக்குப் பட்டியலில் எழுதிய பெயரே சாட்சி.

பண்டத்துக்கு முன்னே அதன் வகையைச் சொல்லியனுப்பும் அந்த வழக்கம் நம் காலத்து இணையத்திலும் வழங்குகிறது. ஒரு பக்கத்தை நாம் திறக்கும்போது, அதன் வாசகம் ஒரு ஹெச்.டி.எம்.எல். கோப்பாகவும், எழுத்தின் அளவு, நிறம், பத்தியின் அமைப்பு முதலியவற்றை விதிக்கும் ஸ்டைல்ஷீட் மற்றொரு கோப்பாகவும் சர்வரிலிருந்து வருகின்றன. இரண்டாவது கோப்பின் முன்வரியில் ‘டெக்ஸ்ட்/சி.எஸ்.எஸ்.’ என்று வகை குறித்திருந்தால் உலாவி அதை ஏற்கும். ‘டெக்ஸ்ட்/பிளெய்ன்’ என்றோ ‘டெக்ஸ்ட்/ஹெச்.டி.எம்.எல்.’ என்றோ குறித்திருந்தால், உள்ளே விதிகள் பழுதின்றி இருந்தபோதிலும், பெரும்பாலும் தள்ளிவிடும்.

ஆதியில் இந்தக் கண்டிப்பு இல்லை. ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ வகுத்த முதல் பரிமாற்ற முறையில் முன்வரிகளே கிடையா, வருவதெல்லாம் ஹெச்.டி.எம்.எல். என்பதே ஏற்பாடு. மின்னஞ்சலுக்காக நத்தானியல் போரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் 1992-இல் வெளியிட்ட ‘மைம்’ என்னும் வகைப்பெயர் முறையை வலை இரவல் பெற்றது. ஹோக்கன் வியும் லீ 1994 அக்டோபரில் முன்மொழிந்து, பெர்ட் போஸுடன் சேர்ந்து வளர்த்த சி.எஸ்.எஸ். என்னும் ஸ்டைல்ஷீட் மொழி, 1996 டிசம்பரில் அங்கீகாரம் பெற்றது. அதற்குரிய வகைப்பெயர் முறைப்படி ஆவணமானதோ 1998 மார்ச்சில்தான்.

இந்த இடைக்காலத்தில், தமக்குப் பழக்கமில்லாத கோப்பையெல்லாம் ‘டெக்ஸ்ட்/பிளெய்ன்’ என்று எழுதியனுப்பும் சர்வர்கள் மலிந்திருந்தபடியால், உலாவிகள் தாட்சண்யம் காட்டி, பெயரைப் பாராட்டாமல் ஸ்டைல்ஷீட்டை ஏற்கப் பழகின. அந்தத் தாட்சண்யமே அபாயத்துக்கு வாசலாயிற்று. சி.எஸ்.எஸ். வாசிக்கும் பகுதி, தனக்குப் புரியாததைத் தாண்டிப் புரிந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளும் சுபாவமுடையது. ஆகவே ஒரு வஞ்சகன், ஒருவருக்குத் தான் அனுப்பும் கடிதங்களின் தலைப்புகளில் சி.எஸ்.எஸ். துண்டுகளைச் செருகிவைத்து, பிறகு தன் தளத்துக்கு அவரை வரவழைத்து, அவருடைய அஞ்சல் பக்கத்தையே ஸ்டைல்ஷீட் என்று அழைத்தால், அத்துண்டுகளுக்கு இடைப்பட்ட அந்தரங்க வாசகம் அவன் கையில் சிக்கும். இந்தத் தாக்குதலை ஆராய்ச்சியாளர்கள் 2010-இல் விரிவாக விளக்கினார்கள். அயல் தளத்திலிருந்து வரும் ஸ்டைல்ஷீட்டுக்குச் சரியான வகைப்பெயர் வேண்டும் என்ற நிபந்தனையை உலாவிகள் மேற்கொண்டன. ஊகம் கூடாது என்று சர்வரே ஆணையிடும் ‘நோஸ்னிஃப்’ வரி 2008-இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8-இன் சோதனைப் பதிப்புடன் வந்தது. கண்டிப்பு நியாயமானது என்பதே என் அபிப்பிராயம். அது பிறந்தது அனுபவத்திலிருந்து.

எனவே, பக்கம் அலங்காரமின்றித் தோன்றி, உலாவியின் கன்ஸோலில் வகைப் பிழை என்ற செய்தி காணப்பட்டால், அந்த நோஸ்னிஃப் வரியை நீக்கிவிடுவது பரிகாரமாகாது. முதலில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, வந்த கோப்பின் உள்ளே இருப்பதைப் பார்க்க வேண்டும். பல வேளைகளில் அங்கே சி.எஸ்.எஸ். விதிகளே இரா; பாதை தவறியதாலோ, லினக்ஸ் சர்வரில் பெயரின் பெரிய எழுத்து சிறிய எழுத்து மாறியதாலோ, கோப்பு அகப்படாமல், ‘கிடைக்கவில்லை’ என்னும் பக்கமோ தளத்தின் முகப்புப் பக்கமோ வந்திருக்கும். அப்போது பெயர் மெய்யே சொல்கிறது, பண்டம்தான் மாறியது; பாதையைத் திருத்தினால் போதும். உள்ளே விதிகள் சரியாக இருந்து பெயர் மட்டும் தவறியிருந்தால் குற்றம் சர்வரினுடையது: அப்பாச்சியில் ‘ஆட்டைப்’ வரியால் .சி.எஸ்.எஸ். என்னும் பின்னொட்டுக்கு உரிய வகையைச் சேர்க்க வேண்டும், என்ஜின்எக்ஸில் ‘மைம்.டைப்ஸ்’ பட்டியல் அழைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். திருத்திய பிறகு தற்காலிகச் சேமிப்பில் பழைய பெயரே தங்கியிருக்கக்கூடும். அதைத் துடைத்துவிட்டுப் பார்ப்பது உசிதம்.

ஹைதராபாதில் 1999-இல் நிறுவப்பெற்ற இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், மீன் கிடைக்கக்கூடிய இடங்களைத் தமிழிலும் அறிவித்துவருகிறது. காற்றும் அலையும் பற்றிய முன்னறிவிப்புகளை மீனவர்கள் கைப்பேசியில் பார்த்துக் கடலுக்குப் புறப்படும் காலம் இது. ஸ்டைல்ஷீட் தள்ளப்பட்டு அட்டவணையின் நிரல் கலைந்து, எந்த எண் காற்றின் வேகம், எந்த எண் அலையின் உயரம் என்று தெரியாமற்போனால் அவர்களுக்கு அதனால் பிரயோஜனமில்லை. கரையோர மக்களுக்காகத் தமிழில் தளம் அமைக்கும் அன்பர்கள், சர்வரை மாற்றும் ஒவ்வொரு முறையும் ஸ்டைல்ஷீட்டின் வகைப்பெயரைத் தாமே ஒருமுறை பரிசோதித்துவிட்டுப் பக்கத்தை வெளியிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.