சர்வே நம்பர் எங்கே சார்? - மனை விற்கும் வெப்சைட்டுகளின் கதை

ஆவடி தாண்டி எலக்ட்ரிக் ட்ரெயினில் போனவர்களுக்கு வரிசை மனப்பாடமா இருக்கும். இந்து காலேஜ், பட்டாபிராம், நெமிலிச்சேரி, திருநின்றவூர் (உள்ளூர்க்காரங்களுக்கு தின்னனூர்), அடுத்து எங்க வேப்பம்பட்டு. 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் ஓடிய தென்னிந்தியாவோட முதல் ரயில் இந்த வழியாத்தான் போச்சு. அந்த ரயிலை வெச்சு இங்கே மனை விக்கிறவங்க சொல்ற முதல் வரி, "ஸ்டேஷனிலிருந்து 5 நிமிடம்". நடந்தா, பைக்லயா, ஹெலிகாப்டர்லயான்னு மட்டும் சொல்ல மாட்டாங்க :-)

மனை வியாபாரம் பண்ற மாமா ஒருத்தர் வெப்சைட் பண்ணிக் குடுடான்னு கேட்டார். அதுக்காக பழைய கதையைத் தோண்டினதுதான் இந்தப் பதிவு.

இன்டர்நெட்டுக்கு முன்னாடி என்ன இருந்தது? வெள்ளையடிச்ச கல்லு, கலர் கொடி, ஒரு ஆர்ச்சு. காலையில டிவியில் சீரியல் நடிகர் வந்து கூவுவார். ஞாயித்துக்கிழமை ஃப்ரீ வேன், மதியம் சாப்பாடு. கையில ஒரு நோட்டீஸ், அதுல "பஞ்சாயத்து அப்ரூவ்டு". இந்த ரெண்டு வார்த்தையை ஞாபகம் வெச்சுக்கோங்க. தமிழ்நாட்டில் 1971-லேயே நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தாச்சு. லேஅவுட்டுக்கு திட்ட அனுமதி கொடுக்க வேண்டியது டிடிசிபி, சென்னைப் பெருநகர் எல்லைக்குள்ளன்னா சிஎம்டிஏ. பஞ்சாயத்து தலைவர் தானா ஒரு சீல் குத்தினா அது அப்ரூவல் ஆகாது. நோட்டீஸ் வாங்கினவங்களுக்கு அது எப்படித் தெரியும்?

2005-ல் நௌக்ரி நடத்தின இன்ஃபோ எட்ஜ் கம்பெனி 99ஏக்கர்ஸ் ஆரம்பிச்சாங்க. 2006-ல் டைம்ஸ் குழுமத்தோட மேஜிக்பிரிக்ஸ். ஒரு ப்ரோக்ராமரா பாத்தா, எனக்கு இது ரெண்டும் வேலை தேடுற சைட்டோட எலும்புக்கூடாத்தான் தெரியுது. ஃபார்ம் நிரப்பு, லிஸ்ட்டுல போடு, ஃபில்டர் பண்ணு, போன் நம்பர் குடு. ரெசியூமேக்கு பதிலா மனை. அவ்ளோதான்.

இதுல ஒரு பெரிய ஓட்டை. அமெரிக்காவில் புரோக்கர்கள் தங்ககிட்ட இருக்கிற வீட்டு விவரத்தை ஒருத்தருக்கொருத்தர் பகிர்ந்துக்கிற வழக்கம் 19-ஆம் நூற்றாண்டு கடைசியிலேயே வந்தாச்சு. மல்டிபிள் லிஸ்டிங் சர்வீஸ்னு பேர். ஒரு வீடுன்னா ஒரு பதிவு. 2006-ல் வந்த ஜில்லோ மாதிரி சைட்டெல்லாம் பின்னாடி அந்தத் தகவலைச் சேர்த்துக்கிட்டுத்தான் பெருசா வளர்ந்தது. நம்ம ஊர்ல அப்படி ஒரு பொதுப் பட்டியல் கிடையாது. ஒரே மனையை அஞ்சு புரோக்கர் அஞ்சு விலையில போடுவாங்க. டேட்டாபேஸ் பாஷையில சொன்னா, ப்ரைமரி கீ இல்லாத டேபிள்.

கடுப்பு என்னன்னா, நிலத்துக்கு ப்ரைமரி கீ ஏற்கனவே இருக்கு! மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு. பட்டா, பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாத்துலயும் அதான். ஆனா விளம்பரத்துல ஸ்கூல், ஆஸ்பத்திரி, கோயில் எல்லாம் எத்தனை கிலோமீட்டர்னு வரும், சர்வே நம்பர் மட்டும் வராது. சர்வே நம்பர் தெரிஞ்சா வாங்க வர்றவர் நேரா ஓனரைப் பிடிச்சிடுவாரேன்னு புரோக்கருக்கு பயம். நியாயமான பயம்தான், இல்லைன்னு சொல்லல.

2012-ல் மும்பை ஐஐடி பசங்க ஆரம்பிச்ச ஹவுசிங் டாட் காம், மேப்பில் தேடுறது, சொந்த ஆளை அனுப்பி போட்டோ எடுக்கிறதுன்னு ஒரு கலக்கு கலக்கினாங்க. ஃப்ளாட்டுக்கு அது பிரமாதம். காலி மனைக்கு? எந்த மனையை போட்டோ எடுத்தாலும் மண்ணு, வெள்ளைக் கல்லு, ஓரமா சீமைக் கருவேலம். அப்ரூவல் இருக்கா இல்லையான்னு எந்தக் கேமராவுக்கும் தெரியாது.

அப்புறம் 2016 செப்டம்பர் 9. அங்கீகாரமில்லாத லேஅவுட் மனைகளைப் பத்திரப்பதிவு பண்ணக் கூடாதுன்னு சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. பொண்ணு கல்யாணத்துக்கு வித்துக்கலாம்னு வாங்கிப் போட்ட மனை ஒரே நாள்ல விக்க முடியாத மனை ஆயிடுச்சு. வாங்கினவங்க வாயும் வயிறும் கட்டிச் சேர்த்த காசு அது. 2017 மே மாசம் வரன்முறை விதிகள் வந்து, 2016 அக்டோபர் 20-க்கு முன்னாடி பதிவான மனைகளுக்கு கட்டணம் கட்டி சரி பண்ணிக்க வழி கிடைச்சது. "பஞ்சாயத்து அப்ரூவ்டு"க்கு வாங்கினவங்க ரெண்டாவது தடவை காசு கட்டினாங்க.

அதே 2017 மே 1-லிருந்து ரெரா சட்டம் முழுசா அமலுக்கு வந்தது. இதோட 11-வது பிரிவை வெப்சைட் பண்றவங்க ஒரு தடவையாவது படிக்கணும். ரெராவில் பதிவு பண்ணின ஒவ்வொரு திட்டத்துக்கும் ஆணையத்தோட தளத்துல ஒரு பக்கம் இருக்கணும், அனுமதி விவரமெல்லாம் அதுல போடணும், மூணு மாசத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும், விளம்பரத்துல பதிவு எண்ணும் ஆணையத்தோட தள முகவரியும் தெரியணும். 12-வது பிரிவு இன்னும் காரம். பொய் விளம்பரத்தை நம்பி பணம் கட்டி நஷ்டப்பட்டா, விளம்பரம் பண்ணின புரமோட்டர் ஈடு கட்டணும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட் விக்கிறதுக்கு முன்னாடி பதிவு கட்டாயம். ஒரு வெப்சைட்டுல என்ன இருக்கணும்னு சட்டமே ரெக்வயர்மென்ட் டாக்குமென்ட் எழுதிக் குடுத்துடுச்சுங்க. எந்த கிளையன்ட் இவ்ளோ தெளிவா குடுப்பான்?

பதிவுத்துறை தளத்துல வில்லங்கம், வழிகாட்டி மதிப்பு ரெண்டும் வீட்டிலிருந்தே பாக்கலாம். பட்டா தனி அரசு தளத்துல. டிசைன் அழகுன்னு சொல்ல மாட்டேன், கேப்சா அடிச்சே விரல் தேயும். ஆனா மனை வாங்குறவனுக்கு பளபள போர்ட்டல்களை விட அதிகம் உதவினது அந்த அசிங்கமான பக்கங்கள்தான்னு அடிச்சுச் சொல்வேன்.

அதனால மாமாவுக்குப் போட்ட டிசைன்ல ஸ்லைடர், சூரியோதய படம் எதுவும் இல்லை. மனை ஒண்ணுக்கு ஒரு பக்கம். மேல சர்வே எண், டிடிசிபி அல்லது சிஎம்டிஏ அனுமதி எண், ரெரா எண். கீழ அளவு: சதுர அடி, சென்ட், கிரவுண்ட் மூணுலயும். (1 கிரவுண்ட் 2400 சதுர அடி, 1 சென்ட் 435.6. இதை மனசுல கணக்குப் போட்டுப் பாக்குறவங்க பாவம்.) அதுக்கும் கீழ வழிகாட்டி மதிப்பு.

பார்த்துட்டு மாமா, "ஏன்டா, கவர்மென்ட் ரேட்டையும் என் ரேட்டையும் பக்கத்துப் பக்கத்துல போட்டா எவன்டா வருவான்?"னார். "எப்படியும் அவங்க போன்ல பாத்துடுவாங்க மாமா"ன்னேன். சர்வே எண்ணுக்கு ஒத்துக்கிட்டார். வழிகாட்டி மதிப்புக்கு இன்னும் இழுபறி. "ஸ்டேஷனிலிருந்து 5 நிமிடம்"ங்கிறதை மட்டும் "நடந்து 22 நிமிடம்"னு மாத்திட்டேன், அதை அவர் இன்னும் பாக்கலை.