காட்டில் கிடந்த எலும்புகளுக்குப் பெயர் என்ன?
(சயாம் மரண ரயில் பாதையில் மாண்ட நம்மவர்களை அடையாளம் காணும் முயற்சிகள்)



நமது கேமரன் மலையில் ஒரு மனிதர் காணாமல் போன கதையை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். 1967ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாள், ஈஸ்டர் ஞாயிறு. தானா ராத்தாவில் ‘மூன்லைட்’ என்னும் பங்களாவில் விருந்தினராகத் தங்கியிருந்த ஜிம் தாம்சன் என்ற அமெரிக்கர், மற்றவர்கள் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த பிற்பகல் நேரத்தில் வெளியே நடந்து போனார். போனவர் போனவர்தாம். தாய்லாந்துப் பட்டை உலகச் சந்தைக்குக் கொண்டு சென்று பேரும் புகழும் பெற்றவர் அவர். அதனால் போலீசாரும் இராணுவத்தினரும் ஒராங் அஸ்லி மக்களுமாக நூற்றுக்கணக்கானோர் பல நாள் காட்டைச் சல்லடை போட்டுத் தேடினார்கள். போமோக்கள் வந்தார்கள். வெளிநாட்டிலிருந்து குறி சொல்பவரும் வந்து போனார். 1974இல் அவர் இறந்துவிட்டதாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது. அவருடையது என்று உறுதி செய்யப்பட்ட ஓர் எலும்புகூட இன்றுவரை கிடைக்கவில்லை. ஆயினும் அவர் பெயரில் புத்தகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. இங்கு வரும் சுற்றுப்பயணிகள் அந்த பங்களாவைத் தேடிப் போகிறார்கள்.

ஒரு மனிதரை இத்தனை பேர் தேடியதில் தவறில்லை. ஓர் உயிர் போனால் அதைத் தேடுவதுதான் மனிதப் பண்பு. ஆனால் அதற்கு 24 ஆண்டுகள் முன்னதாக, மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரம் ஆயிரமாகப் போய்ச் சயாம் காட்டில் மறைந்த நம் பாட்டன்மாரைத் தேடியவர்கள் யார்? அவர்களுடைய எலும்புகள் எங்கே? அவற்றை யாராவது அடையாளம் கண்டார்களா? இதையே இக்கட்டுரையில் உங்களோடு பேச விரும்புகிறேன்.

லாரி வந்த நாள்

ஜப்பான்காரன் காலத்தை நம் பெரியவர்கள் ‘மரவள்ளிக்கிழங்கு காலம்’ என்று சொல்வார்கள். ரப்பர் விற்க வழியில்லை, தோட்டங்களில் வேலையில்லை, உடுக்கத் துணியில்லை. அந்த நேரத்தில்தான் ஜப்பானிய இராணுவம் சயாமிலிருந்து பர்மாவுக்கு ஒரு ரயில் பாதை போடத் தொடங்கியது. பான் போங் அருகிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோ மீட்டர். முழுக்க மலையும் மூங்கில் காடும் ஆறும். 1942ஆம் ஆண்டின் நடுவில் தொடங்கிய வேலை, 1943 அக்டோபரில் இரு பக்கத் தண்டவாளங்களும் இணைந்தபோது முடிந்தது.

முதலில் போர்க்கைதிகளைக் கொண்டு செய்தார்கள். வேலை சுணங்கவே, 1943இல் ஆள் திரட்டும் வேகம் கூடியது. மூன்று மாத வேலை, நல்ல சம்பளம், சாப்பாடு இலவசம் என்று ஆசை காட்டினார்கள். மசியாத இடத்தில் லாரியைக் கொண்டுவந்து நிறுத்தி, அகப்பட்டவர்களை ஏற்றினார்கள். இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூட்டிக் கதவைப் பூட்டிக்கொண்டு போனதும் உண்டு. சிலர் மனைவி மக்களோடு போனார்கள். மூடிய சரக்கு வண்டியில் நாள் கணக்காகப் பயணம். இறங்கிய பிறகு காட்டுக்குள் கால்நடை. மலாயாவிலிருந்து போனவர்கள் மட்டும் 75,000 பேர் அளவில் இருப்பர் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்.

1943ஆம் ஆண்டு மழைக்காலத்தில் காலரா பரவியது. நம்மவர்களின் முகாம்களில் டாக்டர் இல்லை, மருந்து இல்லை, கொதிக்க வைத்த தண்ணீர்கூட இல்லை. நிலைமை முற்றிய பிறகு, சிங்கப்பூர்ச் சாங்கி முகாமிலிருந்த கைதி மருத்துவர்களை ‘கே’ படை, ‘எல்’ படை என்று இரு பிரிவாக ஆசியத் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினார்கள். கடல் போன்ற நோய்க்கு முன்னால் அந்தச் சில நூறு பேர் என்ன செய்ய முடியும்? செத்தவர்களைக் குழியில் தள்ளி மூடினார்கள், எரித்தார்கள், தப்பி ஓடியவர்கள் காட்டிலேயே விழுந்தார்கள். அப்பாதையில் மாண்ட ஆசியத் தொழிலாளர்கள் 80,000 முதல் 1,00,000 வரை இருக்கலாம் என்பது போர்க் கல்லறை ஆணையத்தின் மதிப்பீடு. இருபதாயிரம் உயிர் ‘இருக்கலாம்’ என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிப் போனதைக் கவனித்தீர்களா?

வெள்ளைக்காரரை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

அதே பாதையில் சுமார் 12,500 போர்க்கைதிகளும் மாண்டார்கள். அவர்கள் கதை வேறு விதமாக முடிந்தது.

1945இல் போர் முடிந்த சில வாரங்களிலேயே ஒரு சிறு குழு ரயிலேறிப் பாதை நெடுகப் போயிற்று. முன்னாள் கைதிகள் சிலரும், நகாசே தகாஷி என்ற ஜப்பானிய மொழிபெயர்ப்பாளரும் அதில் இருந்தனர். காட்டை வெட்டி 144 இடுகாடுகளையும், அவற்றில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளையும் கண்டுபிடித்துக் குறித்தார்கள். இத்தனை விரைவில் எப்படி முடிந்தது?

கைதிகள் கணக்கு வைத்திருந்தார்கள், ஐயா! ஒவ்வொரு முகாமிலும் செத்தவன் பெயர், படை எண், நாள், நோய், புதைத்த இடம் எல்லாம் ஒருவர் எழுதி வைத்தார். கிடைத்த துண்டுக் காகிதத்தில் எழுதிப் புட்டியிலும் தகரத்திலும் அடைத்துக் கல்லறைக்குள்ளேயே மறைத்தார்கள். காவலன் கண்டால் அடி உதைதான், அப்படியும் எழுதினார்கள். போர் முடிந்ததும் அந்தத் தாள்களைத் தோண்டி எடுத்தார்கள். தாள் காட்டிய இடத்தில் ஆள் இருந்தான்.

பிறகு அவ்வுடல்கள் மூன்று கல்லறைத் தோட்டங்களில் சேர்க்கப்பட்டன. காஞ்சனபுரியில் உள்ளது பெரியது. அங்கே 5,084 காமன்வெல்த் வீரர்களும் 1,896 டச்சு வீரர்களும் துயில்கிறார்கள். மற்றவை சுங்காயிலும் தன்பியூசயாட்டிலும் உள்ளன. அமெரிக்கர்களின் உடல்கள் தாயகம் போய்ச் சேர்ந்தன. இன்றும் இங்கிலாந்திலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் பேரப்பிள்ளைகள் வந்து, பெயர் பொறித்த கல்லின் முன் நின்று பூ வைத்துப் போகிறார்கள்.

நம்மவர்களுக்கு ஏன் இல்லை?

‘அவன் வெள்ளைக்காரன், அவனுக்கு எல்லாம் நடக்கும்’ என்று சொல்லிவிடுவது எளிது. அதில் உண்மையும் உண்டு. வென்ற அரசு தன் சிப்பாயைத் தேடியது; தோட்டத்துக் கூலியைத் தேட எந்த அரசும் முன்வரவில்லை. ஆனால் இன்னொரு காரணமும் இருந்தது. தோட்டத்தில் இருந்தவரை கிராணியின் செக்ரோலில் நம்மவர் பெயர் இருந்தது. லாரியில் ஏறியதோடு அது முடிந்தது. முகாமில் பெயர் கூப்பிட ஆளில்லை. பல தோட்டத்து ஆட்கள் கலந்து கிடந்தார்கள். பக்கத்தில் படுத்தவன் எந்த ஊர் என்றுகூடத் தெரியாது. எழுதப் படிக்கத் தெரிந்தவர் சிலரே. சாவுக்குச் சாட்சியாக இருந்தவனும் மறுவாரம் செத்தான்.

‘எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?’ என்பது பழமொழி. நம் வீடுகளில் அது அப்படியே நடந்தது. போனவர் வருவாரோ மாட்டாரோ என்று தெரியாமல் தாலியைக் கழற்றவும் மனமின்றிக் காத்திருந்த பெண்கள் எத்தனை பேர்! இறந்த நாள் தெரியாததால் திதி கொடுக்க வழியின்றி, அமாவாசையில் பொதுவாகப் படையல் போட்டுவிட்டு உட்கார்ந்த குடும்பங்கள் எத்தனை!

1944இல் ஜப்பானிய இராணுவமே காஞ்சனபுரிப் பாலத்துக்கு அருகில், இறந்தவர்களுக்கென்று ஒரு நினைவுத் தூண் எழுப்பியது. அதில் தமிழ் எழுத்தும் பொறிக்கப்பட்டது. இறந்தவர்களின் மொழி எது என்று கட்டியவர்களுக்குத் தெரிந்திருந்தது. பெயர்தான் ஒன்றுமில்லை.

மண் திருப்பித் தந்தது

பின்னர் காலம் ஓடியது. பாதையின் பெரும்பகுதி பிடுங்கப்பட்டுக் காடு மூடிக்கொண்டது. 1980களில் கட்டப்பட்ட காவோ லேம் அணையின் நீரில் ஒரு பகுதி முழுகிப்போனது. அங்கே கிடந்தவர்களைத் தோண்டிப் பார்க்கும் வாய்ப்பே போயிற்று.

ஆனால் 1990 நவம்பரில் காஞ்சனபுரியில் ஒரு பெரும் புதைகுழி வெளிப்பட்டது. நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அவை ஆசியத் தொழிலாளர்களுடையவை என்ற முடிவுக்கு வந்தார்கள். எந்தத் தோட்டம், எந்தக் குடும்பம் என்று சொல்ல யாராலும் முடியவில்லை. அவ்வூரின் தனியார் காட்சியகம் ஒன்றில் இத்தகைய எலும்புகள் கண்ணாடிப் பேழையில் வைக்கப்பட்டிருந்தன. வருவோர் போவோர் எல்லாம் பார்த்துச் சென்றார்கள். பெயருள்ளவனைப் புதைத்தார்கள், பெயரில்லாதவன் காட்சிப் பொருளானான்.

அங்கேயுள்ள தாவோன் வராராம் என்னும் புத்தர் கோயிலில் ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளுக்கு ஒரு கூட்டுச் சமாதி உண்டு. மலேசியாவில் மரண ரயில் வரலாற்றில் அக்கறை கொண்டோர் குழுவாகச் சேர்ந்து பல ஆண்டுகள் பாடுபட்டார்கள். தாய்லாந்துத் தமிழர்களும் தமிழ்நாடு அரசும் கைகொடுத்தார்கள். 2023இல் அக்கோயில் வளாகத்தில் ஒரு நடுகல் எழுந்தது. வீரனின் பெயரையும் செயலையும் கல்லில் பொறிப்பது நம் பழந்தமிழர் வழக்கம். இந்தக் கல்லோ ஆயிரமாயிரம் பேருக்கும் பொதுவாக நிற்கிறது.

விஞ்ஞானத்தால் முடியுமா?

‘இப்பத்தான் மரபணுச் சோதனை எல்லாம் வந்துடுச்சே, கண்டுபிடிக்க முடியாதா?’ என்று மாணவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

இமயமலையில் 5,000 மீட்டர் உயரத்தில் ரூப்குண்ட் என்று ஓர் ஏரி. 1942இல் ஒரு வன அதிகாரி அங்கே மனித எலும்புகள் குவிந்து கிடப்பதைக் கண்டார். ஜப்பானியப் படையோ என்றுகூட அப்போது பயந்தார்கள். நெடுங்காலம் ஊகம்தான். 2019இல் இந்திய, வெளிநாட்டு ஆய்வாளர்கள் 38 பேருடைய எலும்புகளின் மரபணுவைப் படித்து முடிவை வெளியிட்டார்கள். 23 பேர் தெற்காசிய மரபினர். ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முற்பட்டவர்கள். 14 பேர் கிரேக்கம் முதலிய கிழக்கு மத்தியதரைக் கடல் பக்கத்து மரபினர். அவர்கள் மாண்டது கிட்டத்தட்ட 1800ஆம் ஆண்டு வாக்கில். ஒருவர் தென்கிழக்காசிய மரபினர். ஒரே விபத்தில் எல்லாரும் செத்தார்கள் என்ற எண்ணம் அதோடு தகர்ந்தது.

பாருங்கள், எலும்பு எவ்வளவு பேசுகிறது! ஆணா பெண்ணா, என்ன வயது, எந்த மரபு என்று சொல்கிறது. பல்லை ஆராய்ந்தால் சிறு வயதில் எந்த நிலத்துத் தண்ணீரைக் குடித்தார் என்பதற்கும் குறிப்புக் கிடைக்கிறது. ஆனால் அந்த 38 பேரில் ஒருவர் பெயரும் தெரியவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க உறவினர் வேண்டுமே!

சயாம் எலும்புகளுக்கும் இதே நிலைமைதான். எரிந்த எலும்பில் மரபணு தங்குவது அரிது. கலந்துபோன எலும்புகளைப் பிரிப்பது கடினம். நல்ல எலும்பு கிடைத்தாலும், ‘இவர் எங்கள் தாத்தா’ என்று சொல்ல ஒரு குடும்பம் முன்வர வேண்டும். ஆண்வழி மரபணு தாத்தாவிடமிருந்து மகனுக்கும், மகனுடைய மகனுக்கும் வரும். தாய்வழி மரபணுவோ தாத்தாவின் உடன்பிறந்தாள், அவள் மகள், மகள் வயிற்றுப் பேத்தி என்று போகும். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தடவி எடுத்தாலே சோதனைக்குப் போதும். ஆனால் யாரைத் தடவுவது என்று தெரிய வேண்டுமானால், போனவர் யார் என்று முதலில் எழுதியிருக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

அதிகாரி எழுதாததை எழுத்தாளர்கள் ஓரளவு எழுதினார்கள். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்கள் அந்தத் துயரத்தை நம் நாட்டுத் தமிழில் பதிவு செய்தவை. நாவல் துயரத்தைக் காக்கும். பெயர்ப் பட்டியலை நாம்தான் காக்க வேண்டும்.

திரிங்காப்பிலும் கம்போங் ராஜாவிலும் புளூவேலியிலும் வாழும் நம் குடும்பங்களில், கீழ்த்தோட்டங்களிலிருந்து மலையேறி வந்தவர்கள் உண்டு. ‘எங்க பெரிய தாத்தா சயாமுக்குப் போனவர், வரவே இல்லை’ என்ற ஒரு வரி பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. நேரில் கண்டவர்கள் ஏறக்குறைய எல்லாரும் போய்விட்டார்கள். அவர்களிடம் கேட்டவர்கள் இன்று தாத்தா பாட்டியாக நம்மோடு இருக்கிறார்கள். அவர்களும் போய்விட்டால் அந்த ஒரு வரியும் போய்விடும்.

ஆகவே மாணவச் செல்வங்களே, இந்த விடுமுறையில் ஒரு கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீட்டுப் பெரியவர்களிடம் உட்காருங்கள். போனவர் பெயர், அவர் தகப்பனார் பெயர், கூப்பிடும் பெயர், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, யாரோடு போனார், உடன்பிறந்தவர்கள் யார், உடம்பில் காயத் தழும்போ கட்டிய பல்லோ உண்டா, போட்டிருந்த காப்பு கடுக்கன் என்ன, கடைசியாக யார் பார்த்தார்கள் – எல்லாவற்றையும் எழுதுங்கள். தெரியாததற்கு இடம் விட்டுவிடுங்கள், கற்பனையாக நிரப்பாதீர்கள். பெற்றோர்களே, பழைய பெட்டியில் கிடக்கும் படம், பிறப்புப் பத்திரம், தோட்டத்துச் சீட்டு எதையும் வேண்டாத காகிதம் என்று எரித்துவிடாதீர்கள். இரண்டு படி எடுத்து, ஒன்றை வீட்டிலும் ஒன்றைப் பள்ளியிலும் வையுங்கள்.

நாளைக்கு அந்தக் காட்டில் மீண்டும் ஒரு குழி வெளிப்படலாம். அப்போது ‘இவர்கள் யார்?’ என்று யாராவது கேட்டால், காட்டுவதற்கு நம் கையில் ஒரு பட்டியல் இருக்கட்டும். அதன் முதல் பெயர் உங்கள் வீட்டுப் பெயராக இருக்கட்டும்.