ஒரு தடவை மட்டும் கற்பிக்கும் இயந்திரம்



போன கிழமை இடைவேளையில் தரம் 8 மாணவர் ஒருவர் வந்து, "சேர், பூகம்பத்த யாருக்குக் குடுக்கிற?" என்று கேட்டார். திடுக்கிட்டுப் போனேன். பிறகுதான் விளங்கியது, போனில் விளையாடும் பழைய போகிமான் கேம். பூகம்பம் என்ற வித்தையைப் பழக்கும் 'டீஎம்' அவரிடம் ஒன்றுதான் இருக்கிறது. பாவித்தால் தீர்ந்துவிடும். மூன்று கிழமையாகப் பையிலேயே வைத்திருக்கிறாராம்.

தேடிப் பார்த்தேன். அந்தத் தயக்கத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது.

1996 பெப்ரவரியில் ஜப்பானில் வெளிவந்த முதல் விளையாட்டில் இப்படி 50 இயந்திரங்கள் இருந்தன. ஒரு பிராணிக்கு ஒரு வித்தையைப் பழக்கியதும் இயந்திரம் மறைந்துவிடும். பூகம்பத்தின் இலக்கம் 26. முழு விளையாட்டிலும் ஒன்றுதான் கிடைக்கும். அதனால் நல்ல வித்தைகளை "பிறகு பார்ப்போம்" என்று பூட்டி வைத்து, கடைசிவரை ஒருவருக்கும் கொடுக்காமலே விளையாடி முடித்த பிள்ளைகள் ஏராளம்.

அதே விளையாட்டில் எத்தனை தடவை பாவித்தாலும் தீராத 5 இயந்திரங்களும் இருந்தன. மரம் வெட்ட, கடல் கடக்க, பறக்க என்று வழி திறப்பவை. ஜப்பானிய மொழியில் அவற்றின் பெயர் 'ஹிடென்'. உஸ்தாத் தன் சீடனுக்கு மட்டும் இரகசியமாகக் கொடுக்கும் வித்தை என்று பொருள். இரகசியம் என்று பெயர் வைத்ததுதான் எல்லோருக்கும் கொடுக்கக் கூடியதாக இருந்தது!

14 வருடங்கள் கழித்து, 2010இல் வந்த பிளாக், வைட் விளையாட்டுகளில் எல்லா டீஎம்களையும் தீராதவையாக்கினார்கள். அதற்கு முன் புது வித்தை பழக்கினால் அதைப் பாவிக்கும் தடவைகள் முழுதாக நிரம்பும். இனி அதையே தந்திரமாக்கிக் களைப்பே இல்லாமல் விளையாடுவார்கள் என்று, பழைய வித்தையில் மிஞ்சியிருந்த அளவே புதியதற்கும் வரும்படி மாற்றினார்கள். தாராளமாகக் கொடுப்பதற்கும் ஒரு ஒழுங்கு வேண்டும்தானே.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2019இல் சோர்ட், ஷீல்ட் வந்தபோது 100 டீஎம் தீராதவை. 'டீஆர்' என்ற வேறு 100 ஒரு தடவைக்கு மட்டும். பூகம்பம் அந்த இரண்டாவது கூட்டத்தில் சேர்ந்தது. 2022இல் ஸ்கார்லெட், வயலட்டில் எல்லாம் மறுபடி தீர்ந்துபோகும். ஆனால் பொருள் சேர்த்துக் கொண்டுபோனால் இயந்திரத்தில் இன்னொன்று செய்துகொள்ளலாம்.

மட்டக்குளியில் இருந்துகொண்டு இதை ஏன் எழுதுகிறேன்? நம் நாட்டில் 1980 முதல் இலவசப் பாடநூல் கொடுக்கிறார்கள். வருட முடிவில் நல்ல நிலையில் உள்ளதைத் திருப்பி வாங்கி அடுத்த வகுப்புக்குக் கொடுக்கிறோம். மூலையில் முந்தின பிள்ளையின் பெயர் இருக்கும். அதுவும் தீராத டீஎம்தான்.

ஆனால் என் அலுமாரியில் நல்ல பயிற்சிப் புத்தகங்கள் சில பூட்டுக்குள்ளேயே இருந்தன. பிள்ளைகள் கிழித்துவிடுவார்கள் என்று மூன்று வருடமாக ஒருவருக்கும் கொடுக்கவில்லை. அந்த மூன்று வருடத்துப் பிள்ளைகள் பரீட்சை எழுதிப் போய்விட்டார்கள்.

அவரிடம், "இன்றைக்கே பழக்குங்க மகன்" என்று சொல்லிவிட்டு, அலுமாரிச் சாவியையும் வகுப்புத் தலைவரிடம் கொடுத்தேன். இதுவரை ஒரு அட்டை கிழிந்திருக்கிறது. ஒட்டிக்கொள்ளலாம்.