பிரித்த வீடும் இடித்த வீடும்

எங்க வீட்டு அடுக்களைக் கதவுக்கு என்னைவிட வயசு கூடுதல். பக்கத்து ஊரில் ஒரு பழைய வீட்டைப் பிரித்தபோது அப்பா வாங்கிப் போட்டது. அயனிப் பலகை, இன்னும் ஒரு செல்லரிப்பு கிடையாது.

கவனிங்க, பிரித்தபோது என்றுதான் சொல்கிறேன். எங்க நாஞ்சில் நாட்டில் அப்போ வீட்டை இடிக்கமாட்டார்கள், மேலேயிருந்து ஒவ்வொன்றாகப் பிரிப்பார்கள். முதலில் ஓடு இறங்கும், அப்புறம் பட்டியல், கழுக்கோல், உத்தரம். சுண்ணாம்புக் காரை கல்லை இறுக்கிப் பிடிக்காது. தட்டினால் செங்கல் முழுசா வந்துரும். மண்சுவராக இருந்தால் மழையில் கரைத்துத் தென்னைமூட்டுக்குப் போடுவோம்.

ஓட்டுக்கும் ஒரு கதை உண்டு. 1865-ல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார்கள். அச்சில் வார்த்த ஓடு, எல்லாம் ஒரே அளவு. அதனால் ஒரு வீட்டு ஓடு அடுத்த வீட்டுக் கூரையிலும் பொருந்தும். தாத்தா காலத்து ஓடு பேரன் வீட்டு மாட்டுத் தொழுவத்தில் கிடப்பது இதனால்தான்.

எனக்கு மீசை முளைத்த காலத்தில் கான்கிரீட் வீடுகள் பெருகின. இப்போ அதுகளையும் இடிக்கிறார்கள். "அண்ணாச்சி, கம்பிக்குத்தான் காசு, மிச்சமெல்லாம் பாரம்" என்றான் ஒரு டிப்பர் டிரைவர். அந்தப் பாரம் ராத்திரியோடு ராத்திரியா குளத்தங்கரைக்கும் ஓடைக்கும் போகுது. ஒரு கன்னிப்பூவுக்கு எங்க ஏலாவின் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை. பேச்சிப்பாறை திறந்துதான் இருந்தது. போய்ப் பார்த்தால் கால்வாயில் யார் வீட்டுச் சுவரோ மல்லாந்து கிடக்கு. என் நாற்றங்கால் காய்ந்தே போச்சு.

சட்டம் இல்லாமலில்லை. 2016-ல் மத்திய அரசு கட்டட இடிபாட்டுக் கழிவுக்கென்று தனி விதிகள் போட்டது. வடிகாலை அடைக்கும்படி கொட்டக்கூடாது என்று அதில் இருந்தது. ஒரு நாளில் 20 டன்னுக்கு மேல் கழிவு வந்தால் கான்கிரீட், மண், இரும்பு, செங்கல் என்று பிரித்துக் கொடுக்கணும் என்றும் இருந்தது. அதே வருடத்து இந்தியத் தர நிர்ணயம், உடைத்த பழைய கான்கிரீட்டைக் கம்பி கட்டிய புதுக் கான்கிரீட்டில் ஜல்லிக்குப் பதிலாக 20 சதவீதம் வரை சேர்க்கலாம் என்கிறது. அதுக்கும் எம்25 வரையுள்ள கலவைதான். அவ்வளவு சேர்த்தாலே எங்க மலைகளில் எத்தனை பாறை தப்பும்! ஆனால் பழைய சுவரை ஜல்லியாக்க ஒரு மெஷின் எங்க ஊர்ப்பக்கம் நான் பார்த்ததில்லை.

நாங்க நாலு பேர் மூணு நாள் மம்பட்டியும் கடப்பாரையுமா அந்தக் கால்வாயைத் துப்புரவாக்கினோம். செங்கல் துண்டெல்லாம் வயலுக்குப் போகும் வண்டிப்பாதைப் பள்ளத்தில் போட்டாச்சு, இப்போ அறுப்பு மெஷின் புதையாமல் போகுது. பெரிய கான்கிரீட் பாளம் ரெண்டு மட்டும் கம்பியை நீட்டிக்கிட்டு இன்னும் கரையிலேயே கிடக்கு.